கழிப்பறைச் சாவி

என் கட்டுரைத் தொகுப்பின் விலை 200 ரூபாய். அச்சிட்டது 300 பிரதி. எனக்கு உரிமைத்தொகை பத்து சதவீதம். அத்தனையும் விற்றால் 6,000 ரூபாய். பதிப்பாளர் என் தோழி. வளையலை அடகு வைத்துத்தான் அச்சகத்துக்குப் பணம் கட்டினாள். மெய்ப்புப் பார்த்த பெண்ணுக்குப் பக்கக் கணக்கில் கூலி, அதிலும் பாதி பாக்கி.

அந்தப் புத்தகம் இப்போது பிடிஎஃப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எனக்கே அதை அனுப்பி, "அக்கா, ஒரே ராத்திரியில படிச்சு முடிச்சேன்" என்றாள் ஒரு கல்லூரி மாணவி. வாங்கியிருக்கலாமே என்றேன். "புத்தகமா வீட்டுக்குக் கொண்டுபோனா அண்ணன் அட்டையைப் பார்த்துட்டு என்ன ஏதுன்னு கேட்பான்க்கா. போன்ல இருந்தா தெரியாது." இவளைத் திருடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நகலெடுப்பதெல்லாம் திருட்டு என்று நான் நினைத்ததும் இல்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைமீது 2012இல் மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுக்கப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது என்று 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. மறு வருடம் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி என் தோழியின் வாயை அடைக்க வருகிறவர்களிடம் சண்டை போடுவேன். ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் கம்பெனியும் அடகுக்கடை ரசீதோடு நிற்கும் பதிப்பகமும் ஒன்றா? முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து குழுவில் போடுவதற்கு "தமிழ்ச் சேவை" என்று பெயர் வேறு.

அந்த மாணவிக்கும் என் தோழிக்கும் நடுவில் இருக்க வேண்டியது நூலகம். அதற்கு நாம் காசும் கட்டியாயிற்று. 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. வாடகைக்கு இருப்பவளும் வாடகைக்குள் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். சிறு பதிப்பகங்களின் புத்தகங்களை நூலகங்கள் வாங்கினால் அச்சுக்கூலியாவது தேறும். படிக்கிறவளுக்கும் செலவில்லை, அண்ணன் கண்ணில் படாமல் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் கிடைக்கும்.

இடம் கிடைக்க வேண்டுமே. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் செய்தித்தாள் மேசையைச் சுற்றிக் காலையிலிருந்து ஆண்கள். போட்டித் தேர்வுப் புத்தகம் தேடி வரும் பெண்கள் நின்றபடியே புரட்டிவிட்டுப் போகிறார்கள். கழிப்பறைச் சாவியை நூலகரிடம், அத்தனை பேர் முன்னால், கேட்டு வாங்க வேண்டும். பதிப்புரிமை பற்றிய கூட்டங்களில் இந்தச் சாவியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், தலைப்புக்கு வாருங்கள் மேடம் என்கிறார்கள்.