படம் பிடித்தவன் பெற்ற பாடம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தம்பதியரின் இல்லறத்தை, அவர்களின் ஒப்புதலோடு, கல்லூரித் தேர்வுக்காக வீடியோவில் பதிவு செய்தேன். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். மாலை மாற்றிய படம் சுவரில்; மனக்கசப்போ வீடெங்கும்!

முதல் வாரம் சிரித்தனர். மூன்றாம் வாரம் பேச்சே அற்றது. அண்ணி அழுதபோது, நல்ல காட்சி கிடைத்ததென்று மகிழ்ந்தேன். வெட்கம்!

இரவில் பதிவைப் பார்த்தேன். இருவரும் ஒரே வேளையில் ஆலையிலிருந்து திரும்புகின்றனர். அவர் நாற்காலிக்கு, அண்ணி அடுப்படிக்கு. நாள்தோறும் அதே காட்சி! பூசலின் வேரைப் படம் பிடித்தும் பாராதிருந்தேன்.

"படம் முடிந்தால் நீங்கள் போய்விடுவீர்கள் தம்பி, நான் எங்கே போவது?" என்றார் அண்ணி.

பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் வேண்டுமென்று 1929இலேயே செங்கற்பட்டு மாநாடு முழங்கிற்று. சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டமாக்கிற்று. உரிமைகள் ஏட்டில் உண்டு. அண்ணிக்கோ, தம் சம்பளமே கையில் தங்குவதில்லை!

அழுகைக் காட்சியை அழித்தேன். அடுப்படிக் காட்சியை இருவருக்கும் போட்டுக் காட்டினேன். அவர் தலை கவிழ்ந்தார், விடை கூறவில்லை.

தோழர்களே! மேடையில் மாலை மாற்றினால் மட்டும் போதுமா? அடுப்படியில் முறை மாற்ற வேண்டாமா?