இலுப்பை மரத்தடிப் புத்தர்

சென்னைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவர எண்ணுவோம். திருமண வரவேற்போ விடைத்தாள் திருத்தும் பணியோ குறுக்கிடும். தென்னூரில் குடியிருக்கும் நாங்கள், கணவன் மனைவி இருவருமே, தமிழ் கற்பிப்பவர்கள். ஆண்டுதோறும் மணிமேகலை நடத்துகிறோம். பௌத்தம் இம்மண்ணில் எப்போது மறைந்தது என்று மாணவர் எவரேனும் கேட்டால், தேவார காலத்தைச் சொல்லிவிட்டு அடுத்த காதைக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். சென்ற கோடையில் அவ்வழக்கத்திற்கு இடையூறு நேர்ந்தது.

மலைக்கோட்டை விரைவு வண்டியில் விடியலில் இறங்கிக் குளித்துச் சிற்றுண்டி முடித்துப் பாந்தியன் சாலையை அடைந்தோம். 1851-இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் அது. செப்புத் திருமேனிக் கூடத்தில் கூட்டமெல்லாம் ஆடவல்லானையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் சூழ்ந்திருந்தது. நாங்களும் அங்கேதான் நின்றோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் மட்டும் சிறு புத்தர் படிமங்களின் முன்னே நின்றுவிட்டாள்.

சாண் உயரம்கூட இராத படிமங்களும் அவற்றுள் உண்டு. உச்சியில் தீச்சுடர், அஞ்சேல் என உயர்த்திய கை. "எல்லாம் நாகப்பட்டினம் என்றே போட்டிருக்கிறதே அம்மா, இவை ஏன் நாகப்பட்டினத்தில் இல்லை?" என்றாள். ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்தையும், அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதையும், அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்து சேர்ந்து லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர்பெற்றதையும் சொன்னோம். கேட்டது அதுவன்று என்று அவள் முகம் சொல்லிற்று.

ஊர் திரும்பியபின் நூல்களைப் புரட்டினோம். நாகையில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றிருக்கிறது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அதனைக் குறித்திருக்கிறார்கள். கடலோடிகளுக்கு அது கரை அடையாளம். 1846-இல் அதனைக் கண்ட வால்டர் எலியட் பின்னர் 1878-இல் அதுபற்றிக் கட்டுரை எழுதினார். அதற்குள் கோபுரம் இல்லை. இயேசு சபையார் அரசின் அனுமதி பெற, 1867-இல் அது இடிக்கப்பட்டது. அங்கிருந்த இலுப்பை மரமொன்றை வெட்டியபோது அதனடியில் புத்தர் படிமங்கள் வெளிப்பட்டன. 1856 தொடங்கி 1934 வரை அவ்வூரில் கிடைத்தவை ஏறத்தாழ 350. பெரும்பகுதி எழும்பூருக்கு வந்தது. சில லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் போயின. ஆகவே தேவார காலத்தோடு கதையை முடித்த எங்கள் வகுப்புகளெல்லாம் பல நூற்றாண்டுகளை விழுங்கியவை.

அதுவரையில் இது படிப்பாளியின் வருத்தம் மட்டுமே. அடுத்த பக்கத்தில்தான் கை நின்றது. அச்சபையார் 1844-இல் நாகையில் தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. தெப்பக்குளத்தருகே இருக்கும் தூய வளனார் கல்லூரிதான் அது. எங்களில் ஒருவர் முதுகலை பயின்ற இடம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக ஒருவர் வெளிவந்தது அந்த வாயிலின் வழியேதான். தமிழைக் கற்றதும் அங்கே. மணிமேகலையை முதன்முதல் முழுதாகப் படித்ததும் அங்கே. இடித்தவர்மீது சினங்கொள்வது எளிது. அவர்கள் தொடங்கிய கல்லூரியில் படித்துவிட்டுச் சினங்கொள்வது எளிதாக இல்லை. அக்காலத்தில் அரசும் அதனை வேண்டாத பழங்கட்டடமாகவே கருதியிருக்க வேண்டும். இன்று நம் ஊர்களில் குடமுழுக்கின் பெயரால் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவோரும் அப்படித்தான் கருதுகிறார்கள்.

மகளிடம் இதனைச் சொல்லாமல் இரண்டு வாரம் கடத்தினோம். பிறகு ஒரு மாலை, சிந்தாமணியில் பொருள்கள் வாங்கிவிட்டு நகரப் பேருந்தில் திரும்புகையில் சொன்னோம். லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக் கோபுரம் சன்னலில் வந்து போயிற்று. அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்த இலுப்பை மரத்தை வெட்டியிருக்காவிட்டால் புத்தர் கிடைத்திருக்கவே மாட்டார் இல்லையா?" என்றாள். தென்னூர் நிறுத்தம் வந்துவிட்டது. பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.