சும்மா வந்தேன்!

டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, பிளாக், வீட்டு நம்பர் என்றுதான் விலாசம். அந்த ஊரில் எங்கே போகிறோம் என்ற திட்டமே இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றினால் ‘நான் யார்’ என்பது விளங்கிவிடுமாம். இதற்காகவே விமானம் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1896-ல் 16 வயதுப் பையன் ஒருவன், மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியில் படுத்தபடியே அதைக் கண்டுபிடித்துவிட்டான். வண்டிச் சத்தம்கூடச் செலவில்லை. அந்தப் பையன்தான் ரமண மகரிஷி.

எனக்கு மாடியில் படுத்தால் தூக்கம்தான் வருகிறது. டோக்கியோ கட்டுப்படியாகாது (பி.காம். படித்தவன், கூட்டிக் கழிக்கத் தெரியும்). ஆகவே மதுரை ஜங்ஷனில் திண்டுக்கல் பக்கம் போகிற ரயிலில் ஏறி, சோழவந்தானில் இறங்கினேன். ஏன் சோழவந்தான் என்று கேட்காதீர்கள். காரணம் சொன்னால் அது திட்டமாகிவிடும்!

ஜப்பானில் உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் அங்கே விசேஷம். சோழவந்தானில் ஸ்டேஷனை விட்டு நூறடி நடப்பதற்குள் கேட்டுவிட்டார்கள்.

“தம்பி யாரு? ஊருக்குப் புதுசா இருக்கு?”

“மதுரைங்க.”

“யாரைப் பாக்கணும்?”

“யாரையும் இல்லைங்க. சும்மா வந்தேன்.”

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சும்மா வருகிறவனைவிட, கடன் வசூலிக்க வருகிறவனிடம் ஊருக்கு நம்பிக்கை அதிகம்.

டீக்கடையில் விசாரணை தொடர்ந்தது. “இங்க யாரையாச்சும் தெரியுமா?”

தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன். “அரசஞ் சண்முகனார்.”

“எந்தத் தெரு?”

“அவர் காலமாயிட்டாருங்க.”

“அடடா! கேள்விப்படலியே... எப்ப?”

“1915-ல.”

டீக்கடைக்காரர் ஒன்றும் பேசாமல் கிளாஸைக் கழுவப் போய்விட்டார். நமக்கு மட்டும் ரொம்பத் தெரியுமா என்ன? சண்முகனார் 1868-ல் இந்த ஊரில் பிறந்த பெரும் தமிழ்ப் புலவர். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். 1904-ல் அவர் லீவு போட்டதால் காலியான இடத்தில் சில மாதங்கள் வேலை பார்க்க வந்த இளைஞரின் பெயர் சுப்பிரமணிய பாரதி! அதே வருஷம் நவம்பரில் அந்த வேலையும் முடிந்து, ‘சுதேசமித்திர’னுக்குச் சென்னை போனார். லீவ் வேகன்சியில் வந்து போனவரை ஊர் உலகமெல்லாம் தெரியும். லீவு போட்டவரை டீக்கடையில் தேட வேண்டியிருக்கிறது.

ஜெனகை மாரியம்மன் கோயில் வாசலில் கொஞ்சம் நின்றேன். வைகாசித் திருவிழாவில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு நானும் ஒரு பூக்கார அம்மாவும்தான். அந்த அம்மாவும் கேட்டார்: “எந்த ஊருப்பா?”

‘யார் நீ’ என்று எல்லாரையும் கேட்கிற இந்த ஊருக்கே தன் பெயரில் ஒரு வழக்கு உண்டு. சோழன் வந்து பார்த்து உவந்தான், அதனால் சோழவந்தான் என்பது ஊர்க்கதை. கல்வெட்டில் இருக்கிற பெயரோ சோழாந்தக சதுர்வேதிமங்கலம். சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன்; பாண்டியன் வைத்துக்கொண்ட பட்டம். எமன் வந்த ஊரை, விருந்தாளி வந்த ஊராக யாரோ மாற்றிவிட்டார்கள். எனக்கு விருந்தாளிக் கதைதான் பிடித்திருக்கிறது.

வைகையில் தண்ணீர் ஓடவில்லை, மணல்தான். பக்கத்துத் திருவேடகத்தில்தான் சம்பந்தர் ஆற்றில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து கரை ஒதுங்கியதாகப் புராணம். இன்றைக்கு ஏட்டைப் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆனாலும் கரையைத் தாண்டினால் ஒரே பச்சை. பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து 1895-ல் இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர், மேற்கே பேரணையில் வாய்க்காலுக்குள் புகுந்து வருகிற புண்ணியம். நெல், தென்னை, வாழை. நடுநடுவே கொடிக்கால்.

ஒரு கொடிக்காலுக்குள் எட்டிப் பார்த்தேன். “செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே பாதாள அறை மாதிரிக் குளிர்ச்சி. வரிசையாக அகத்தி மரங்கள். அதைப் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. ஏணியில் நின்று ஒருவர் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது.

“யாரு, பேங்குலேர்ந்தா?”

“இல்லைங்க. நான் எழுதறவன்.”

“பத்திரமா?”

“பத்திரிகை.”

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பத்திரம் எழுதுகிறவராக இருந்தால் ஒரு பங்குத் தகராறு கைவசம் வைத்திருந்தாராம். எனக்கு இது பழக்கம்தான். சம்பள வேலையை விட்டுவிட்டு எழுத வந்ததிலிருந்து கல்யாண வீடுகளில் ‘இப்ப என்ன பண்றே?’ என்ற கேள்வி வருவதற்குள் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். இங்கே பந்தியும் இல்லை.

அவரே பேசினார். மெல்லிசு இலை, உறைப்பு அளவு. 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

“பட்டம் குடுத்தாங்க தம்பி. சந்தோசம். ஆனா ஏணி ஏற ஆள் குடுக்கலியே! பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். இலை கிள்ளவும் அடுக்கவும் கூலி குடுத்துட்டுப் பாத்தா கையில நிக்கறது ரெண்டு வெத்தல, மெல்றதுக்கு. காத்து ஒண்ணு அடிச்சா அதுவும் போச்சு.”

“அப்புறம் ஏன் விடாம பண்றீங்க?”

“வேற என்ன பண்றது? கொடிக்காக்காரன்னுதான் ஊருல பேரு.”

ஏணியில் நின்றபடியே, அடுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

நிழலில் அவர் சம்சாரம் இலைகளைக் காம்பு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நூறு இலை ஒரு கவுளி. நானும் உட்கார்ந்து எண்ணினேன். மூன்றாவது கவுளியில் அந்த அம்மா என் அடுக்கைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டி, “சரியா இருக்கு” என்றார். பி.காம். பாஸானபோதுகூட யாரும் இவ்வளவு சீக்கிரம் சொல்லவில்லை.

சாயங்காலம் கட்டு தயாரானது. “சும்மாத்தானே வந்தீங்க? ஸ்டேஷன் பக்கந்தானே போறீங்க? இதைக் கொண்டாந்து பஜார்ல இறக்கிவிட்டுப் போங்க” என்றார் பெரியவர். இன்னொரு கட்டை அவர் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஈரச் சாக்கு. தோளெல்லாம் தண்ணீர் சொட்டியது. காலையில் விசாரித்த அதே மனிதர்கள் அதே திண்ணைகளில் இருந்தார்கள். டீக்கடையைத் தாண்டும்போது ஒருவர் எழுந்து வந்தார். நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாக்கை விலக்கி ஓர் இலையை உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இது யாரு கொடிக்கா இலை?”

முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியவரைக் காட்டினேன்.

“அதானே பாத்தேன்!” என்று இலையை வாயில் போட்டுக்கொண்டார்.