ஒரு மணி நேரப் பயணம்

சிங்கப்பெருமாள் கோவிலில் நம் பங்கைச் சேர்ந்த யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், ஒரகடத்தில் பணிபுரியும் மகனோடு நம்மிடம் வந்தார். ஊரில் தம்பிக்கு நோய் முற்றியிருந்தது. மகனோ கொழும்பு வழியாகச் செல்ல எண்ணியிருந்தார். “சுவாமி, இரத்மலானையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?” என்று மூதாட்டி கேட்டார்.

இரண்டும் ஒரே தீவின் விமான நிலையங்கள். வான்வழித் தொலைவு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சிறு விமானத்திற்கு ஒரு மணி நேரமே போதும். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் கணக்கைச் சொல்லி முடித்தோம். சற்று அவசரப்பட்டுவிட்டோம்.

1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலருகே வீழ்த்தப்பட்டது. 55 பேர் மாண்டனர். கடலடியில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டது 2012இல்தான். அடுத்த வாரம் அதே வழியில் வரவிருந்தவர் இவருடைய தம்பி. அந்த ஒரு மணி நேரப் பயணத்தைக் கைவிட்டு, திருகோணமலைக்குக் கப்பலேறப் பல நாள் காத்துக்கிடந்தாராம்.

சென்னையிலிருந்து பலாலிக்கே நேராக 2019இல் விமானம் தொடங்கியதையும், பெருந்தொற்றில் நின்று 2022 டிசம்பரில் மீண்டதையும் எடுத்துரைத்தோம்.

“அது மன்னார்ப் பக்கம் போகுமோ, சுவாமி?”

வரைபடத்தை விரித்து, சென்னையிலிருந்து நேர் தெற்காக விரலால் கோடிழுத்தோம். மன்னார் பலாலிக்கும் கீழே கிடந்தது. விரல் நின்ற இடத்தையே நெடுநேரம் நோக்கியிருந்தவர், பிறகு சீட்டின் விலை என்னவென்று மகனைக் கேட்டார்.