பிராண்டிஸ் துரையும் பெகு தேக்கும்

சிரஞ்சீவி பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜெர்மனியில் நீ தாவர சாஸ்திரம் பயிலும் அதே பான் நகரத்தில் 1824-இல் பிறந்து, அவ்வூர்ச் சர்வகலாசாலையிலேயே அந்தச் சாஸ்திரத்தைப் போதித்தும் வந்த டீட்ரிக் பிராண்டிஸ், நம் தேசத்து வனங்களுக்கு அதிபதியாக வந்த வரலாறு யாது என்று கேட்டிருந்தாய். அறிய வேண்டிய வரலாறுதான். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பர்மாவில் 1826-இல் ஆங்கிலேயர் வசமான தெனாசரிம் பிரதேசத்துத் தேக்கங்காடுகள், அனுமதிச் சீட்டுப் பெற்ற வியாபாரிகளின் கோடரிக்கு இரையாகிச் சில பத்தாண்டுகளிலேயே சீரழிந்துபோயின. 1852-இல் அந்நாட்டின் பெகுப் பிரதேசமும் கைக்கு வந்தபோது, அங்கும் அதே நாசம் நேராதிருக்க வேண்டுமெனக் கருதிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு, மரங்களை அறிந்த ஒருவரைத் தேடினார். பிராண்டிஸின் மனைவி ரேச்சல், செராம்பூர்ப் பாதிரியார் மார்ஷ்மனின் புதல்வி. அவளுடைய சகோதரியை மணந்தவர் சேனாதிபதி ஹாவ்லாக். இந்த உறவின் வழியாக வந்த சிபாரிசினால், 1856-ஆம் வருஷம் பிராண்டிஸ் பெகு வனங்களின் மேலதிகாரியானார்.

வெட்டுமுன் எண்ண வேண்டும் என்பதே அவருடைய முதற்கொள்கை. பாதையற்ற மூங்கிற்காட்டில் யானைமீதமர்ந்து, இடக்கையில் நான்கு குச்சிகளும் வலக்கையில் ஒரு பேனாக்கத்தியுமாகச் சென்று, இருமருங்கிலும் குறித்த தூரத்துக்குள் தென்பட்ட ஒவ்வொரு தேக்கையும் பருமனுக்கேற்ப நான்கு வகுப்புகளில் ஒன்றில் சேர்த்து, அந்தந்த வகுப்புக்குரிய குச்சியில் ஒரு வெட்டுக்குறி இடுவார். மழையில் ஊறிய அக்காட்டில் காகிதம் பயன்படாது. ஆறடிச் சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்கள் எத்தனை, அடுத்த வகுப்பு மரங்கள் அப்பருமனை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணித்து, அவ்வாறு முதிர்ந்து வரும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு வருஷத்தில் ஒரு மரமும் விழக்கூடாது என்று விதித்தார். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் உண்ணும் குடித்தனக்காரனின் நியாயம் இது.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் வெட்டுவதற்கென்று தேர்ந்த மரத்தை, வைரம் தெரியுமளவும் சுற்றிலும் வளையமாகச் செதுக்கி, நின்றபடியே சில வருஷங்கள் உலரவிட்டுப் பிறகே சாய்ப்பார்கள். யானைகள் அதை ஓடைக்கு இழுத்துச் சேர்க்க, மழைக்கால வெள்ளம் ஆற்றுக்குக் கொண்டுபோகும். எந்த மரத்துக்கு வளையமிடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவர் வியாபாரிகளிடம் விடவில்லை. அவர்களுடைய பகையையும் அதற்காக ஏற்றார். மலைச்சரிவில் காட்டைச் சுட்டு நெல் விதைத்துவந்த கரேன் குடிகளைத் துரத்தாமல், நெல்லோடு தேக்கையும் விதைக்கச் செய்தார். உழவர் வேறிடம் பெயர்ந்த பின்னும் தேக்கு அங்கே வளர்ந்து நின்றது. டாங்யா என வனத்துறையார் வழங்கும் முறை இவ்வாறு பிறந்தது.

1864-இல் இந்திய வனங்களின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகி, 1878-இல் டேராடூனில் வனப் பள்ளிக்கூடமும் நிறுவினார். ஆனால் அவ்வருஷத்து வனச்சட்டமே அவர் மனம்போல் அமையவில்லை. சர்க்காருக்கு இன்றியமையாத காடுகளை மட்டும் ஒதுக்கி, ஏனையவற்றில் கிராமத்தாரின் வழக்க உரிமைகளைப் பதிவுசெய்து, ஊருக்கு ஊர் கிராம வனங்கள் அமைக்க வேண்டுமென்பது அவர் கட்சி. எழுத்து மூலமான ஆதாரமில்லாத அனுபோகம் உரிமையன்று, சர்க்காரின் சலுகையே என வாதித்த அதிகாரி பேடன் பவலின் கட்சியே வலுத்தது. 1881-இல் பிராண்டிஸ் சென்னை மாகாணத்துக்கு வந்தபோதும் கிராம வனங்களையே வற்புறுத்தினார். 1882-இல் சென்னை வனச்சட்டம் பிறந்ததேயன்றி, அவர் கருதிய அளவில் கிராம வனங்கள் உருவாகவில்லை. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பிய நம் குடியானவனுக்கும் வனக்காவலருக்கும் தலைமுறை தலைமுறையாய் நிலவிய மனஸ்தாபத்துக்கு, இந்த ஆலோசனை புறக்கணிக்கப்பட்டதே பெரிதும் காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1883-இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர், பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்ஷோ போன்ற இளைஞர்களுக்கு வழிகாட்டினார். இந்திய மரங்களைப் பற்றிய தம் பெருநூலை 82-ஆம் வயதில், 1906-இல் வெளியிட்டு, மறுவருஷம் பான் நகரிலேயே காலமானார்.

அம்மா, மரத்தை எண்ணும் கணக்கை அவரிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது; அம்மரத்தடியில் வாழும் மனிதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற பாதியைக் கற்காமல் விட்டது. சாஸ்திரம் முடித்து நீ எந்தக் காட்டின் பொறுப்பை ஏற்றாலும், விட்டுப்போன அந்தப் பாதியையும் சேர்த்தே கற்றுக்கொண்டு போ.

இங்ஙனம்,
உன் தாத்தா