கோணல் மூலையில் ஒரு கொட்டகை

கிள்ளானில் எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. சாக்கடை கோணலாகத் திரும்புவதால் பக்கவாட்டு நிலமும் கோணல். லாலாங் புல்லைத் தவிர அங்கே எதுவும் வளர்ந்ததில்லை.

அம்மா தவறிய பிறகு அப்பா தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தார். கூடவே அவருடைய தச்சுப் பெட்டி. இழைப்புளி, உளி, மூலைமட்டம், ரம்பம் எல்லாம் அதில். கார் நிறுத்துமிடத்தில் வைத்தேன். சாரல் பட்டுத் துருவேறியது. "விடுப்பா, இனி எதுக்கு அது?" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடையில் விற்கும் ஆயத்தக் கொட்டகைகள் எல்லாம் செவ்வகம். நம் நிலத்துக்கு ஒத்துவராது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறதே, அனுமதியில்லாமல் கட்டவும் முடியாது. வரைபடத்தோடு மன்றத்துக்கு நடையாய் நடந்தேன். சாக்கடை ஓரம் விட வேண்டியதை விட்டபின் மிஞ்சியது 14 அடி நீளம். அகலம் முன்னால் 9 அடி, பின்னால் 4 அடி.

கூரைக்குத் தகரம் வாங்கக் கணக்குப் போட்டேன். சராசரி ஆறரை அடி, ஏழு தகரம். அப்பா எட்டிப் பார்த்தார்.

"முன்னால ஒழுகும், பின்னால நீட்டிக்கிட்டு நிக்கும். பரவாயில்லையா?"

பரப்பளவு சரி, கூரைதான் தப்பு! அவரே கயிறு பிடித்து இரண்டடிக்கு ஒருமுறை அளந்து அட்டையில் குறித்தார். ஒவ்வொரு தகரமும் முந்தியதைவிட ஏறக்குறைய எட்டரை அங்குலம் குறைவு. ஓரத்தையும் சரிவாக வெட்ட வேண்டும். கூரைச் சரிவை எங்கள் சாக்கடைப் பக்கமே வைக்கச் சொன்னார். மழைத்தண்ணீர் பின்வீட்டுச் சுவரில் கொட்டினால் அப்புறம் முகம் பார்த்துப் பேச முடியுமா?

கரையானுக்குப் பயந்து இரும்புக் கால்கள், மேலே மெராந்திப் பலகை. இரும்பு என்றதும் தச்சருக்கு முகம் சுருங்கியது. கை நடுங்குவதால் அவர் கோடு போட்டார், நான் அறுத்தேன். ஒரு பலகையை இரண்டு விரல் குறைத்து அறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒட்டுத்துண்டு வைத்து ஆணி அடித்தார். கதவுக்கு மேலே இப்போதும் அது தெரிகிறது.

அகன்ற பக்கம் வேலை மேசை, குறுகிய பக்கம் உளிகளுக்குத் தட்டு. காலையில் தேத்தண்ணீரோடு உள்ளே போகிறார். மதியச் சோற்றுக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது.