ஆத்தங்குடிக்கு இரண்டு தடவை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்!

காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையும் முற்றமுமாக ஒரு சின்ன வீடு எங்களுடையது. மாமியார் அங்கே தனியாக இருக்கிறார். பெயர்ந்து கிடந்த தரையில் கால் தடுக்கி விழுந்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். "திருச்சிக்குக் கூட்டி வந்துவிடலாம்" என்றார் என் கணவர். மாமியாரோ, "இந்த முத்தத்தை விட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்த்தா" என்று ஒரே பிடிவாதம். ஐப்பசி மழைக்குள் வீட்டைச் சரி செய்வது, முடியாவிட்டால் அவர் எங்களுடன் வந்துவிடுவது என்று பேச்சாயிற்று.

முதல் சறுக்கல் சுவரில். சில வருடங்களுக்கு முன் நாங்களே பூச வைத்த சிமெண்ட் உப்புப் பூத்து, தட்டினால் பொத் பொத்தென்று உதிர்ந்தது. "சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், ஆச்சி. சிமெண்டைப் பூசி வாயை அடைச்சிட்டீங்க" என்றார் கொத்தனார். அத்தனையையும் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். சிமெண்ட் மாதிரி இது சட்டென்று இறுகாது. ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்க வேண்டும். போட்ட கணக்கில் மூன்று வாரம் தள்ளிப் போயிற்று.

தரைக்குக் கல் வாங்க ஆத்தங்குடிக்குப் போனோம். அவசியம் ஒரு தடவை பார்க்க வேண்டிய ஊர். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர்க் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் பூவும் கொடியும் அப்படியே நிற்கின்றன! அதன் மேல் சிமெண்டும் மணலும் தூவி, கலவையை வைத்து அழுத்துகிறார்கள். பிறகு காயவைத்து, தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. கண்ணாடியிலிருந்து கல் பிரியும்போது, அந்த வழவழப்பும் கூடவே வந்துவிடுகிறது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸைத் தவறவிட்டோம்.

தரை போட்டு முடித்ததும் வீடே சிரித்தது. அப்போதுதான் என் கை சும்மா இருக்கவில்லை. சமையற்கட்டு வாசலில் சிமெண்ட் கறை இருக்கிறதே என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். நுரைத்தது. கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு கல் வெளிறிப் போய், பளபளப்பெல்லாம் போய்விட்டது! ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்ட்தானே. கறையைத் தின்கிற ஆசிட் கல்லை மட்டும் விட்டு வைக்குமா? கொத்தனாரிடம் சொல்லக்கூட நா எழவில்லை.

மறுபடியும் ஆத்தங்குடி. அதே பூ கிடைத்தது. அதே சிவப்பு கிடைக்கவில்லை. "கை வேலைம்மா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்" என்றார் அங்கிருந்த பெரியவர். வேறு வழியில்லாமல் வாங்கி வந்து பதித்தோம். ஒட்டுப் போட்ட புடவை மாதிரி அது தனியாகத் தெரிந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குத்தியது.

சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் கல்லுக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். வழவழப்பு என்பதால் ஈரத்தை உடனே துடைத்துவிட வேண்டும். குளியலறைக்கு நாங்கள் சொரசொரப்பான கல்லைத்தான் போட்டோம்.

ஐப்பசி பிறந்து முதல் மழை வந்தபோது பின்கட்டில் ஒரு கதவு மட்டும் பாக்கி. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார். சமையற்கட்டு வாசலில் நின்றவரிடம், "அந்த இடம் மட்டும் கெட்டுப் போச்சு அத்தே, என்னாலதான்" என்றேன்.

"இருக்கட்டும்த்தா" என்றார். "எனக்குக் கண்ணு மங்கல். அந்த நெறம் மாறுற எடத்துலதான் படி இருக்குன்னு தெரிஞ்சு காலை வைக்கிறேன்."

திருச்சிப் பேச்சை என் கணவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.